நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு, மாத்திரை போடும் ஒரு தம்பியின் அக்கா எழுதுவது

தமிழ்ச் சினிமாவுக்கும் டிவிக்கும் நகைச்சுவை எழுதுகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலண்டர் என்று காலையிலிருந்து பொழுது சாயும் வரை தமிழ் அடித்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு காமெடி சேனல் முன்னால்தான் எல்லோரும் உட்காருவோம். அப்பா இருந்தவரை, பழைய காமெடி ஒன்று வந்தால் நடிகர் சொல்வதற்கு முன்பே வசனத்தை அவர் சொல்லிவிடுவார், அம்மா "சும்மா இருங்க, கேக்க விடுங்க" என்பாள். அப்படிப்பட்ட வீடு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மாமா வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள், பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு டிவி பார்த்தார்கள். ஒரு காமெடி ஓடியது. தலை கலைந்த ஒரு ஆள், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வாயோரம் எச்சில் ஒழுக, கை நடுங்க நடுங்க வருகிறார். "கீழ்ப்பாக்கம் கேஸுடா, கிட்டப் போகாத" என்று இன்னொருவர் ஓடுகிறார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், என் தம்பியும் சிரித்தான். அப்புறம் அவன் எழுந்து, டிவி ஸ்டாண்டின் மேல் இருந்த நீல நிற மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனான். அவனுக்கு ஒன்பதரைக்கு மனநோய்க்கான மாத்திரை. பத்து வருடமாக அந்த மாத்திரையை ஹாலில் எல்லோருக்கும் நடுவில்தான் போடுவான், மாமா பிள்ளைகள்கூட "அத்தானுக்குத் தண்ணி" என்று சொம்பு எடுத்து நீட்டும். அன்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விழுங்கினான். டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, மிச்சக் காமெடியையும் பார்த்தான். இன்றுவரை அந்த டப்பா அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது, அதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

2010இல் அவனுக்கு 19 வயது. பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். முதலில் குளிக்காமல் இருந்தான், சோம்பேறித்தனம் என்று நினைத்தோம். அப்புறம் அம்மா சமைத்ததைச் சாப்பிடவில்லை, கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டை அவனே பிரித்தால்தான் சாப்பிடுவான். ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தான். பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலை அட்டை வைத்து அடைத்தான். "பேசிக்கிட்டே இருக்காங்கக்கா, நிறுத்தவே மாட்டேங்கிறாங்க" என்று ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னபோது எனக்கு அவன் மேல் பயமாக இருந்தது. பயந்துபோயிருந்தது அவன்தான் என்று புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று.

செய்வினை என்றார்கள். கோடாங்கியிடம் போனோம், தாயத்துக் கட்டினோம், மூன்று வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிணற்றடியில் உட்காரவைத்து அம்மா அவன் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டினாள். உங்கள் வசனத்தில் எலுமிச்சம்பழம் வந்தால் தியேட்டரே சிரிக்கும், எனக்குத் தெரியும். கார்த்திகை மாதக் குளிரில், கண்ணில் சாறு இறங்கி எரிய, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த 19 வயசுப் பையனை நான் வாளி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தேன். தூரத்துப் பெரியப்பா ஒருவர் "ஒரு கால்கட்டுப் போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்" என்று பெண்கூடப் பார்த்துவிட்டார். நல்லவேளை, அந்தப் பெண் வீட்டுக்காரர்கள் விசாரித்து விலகிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு நடக்கவிருந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் அப்பாவிடம் தயங்கித் தயங்கி, "டாக்டர்ட்ட காட்டலாமேய்யா" என்றார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிய மனுசன் என் அப்பா, யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவர். அன்று கத்தினார். "என் மகனைக் கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விடச் சொல்றீகளா?"

அப்பாவுக்குச் சென்னையே சரியாகத் தெரியாது. வாழ்நாளில் இரண்டு தடவை போயிருப்பார். கீழ்ப்பாக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் தெரியும், அங்கே கம்பிக்குப் பின்னால் அடைப்பார்கள் என்று தெரியும், கரண்ட் வைப்பார்கள் என்று தெரியும், போனவன் திரும்பினாலும் வீட்டுக்குப் பேர் போய்விடும், இருக்கிற பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுக்க முடியாது என்று தெரியும். எங்கிருந்து தெரிந்தது? நாங்கள் மனநலம் பற்றி எங்கேயும் படித்ததில்லை, யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்திருந்த ஒரே மனநல ஆஸ்பத்திரி உங்கள் வசனத்தில் இருந்த ஆஸ்பத்திரிதான்.

அதனால் மூன்று வருடம் போயிற்று. அந்த மூன்று வருடமும் 45 நிமிட பஸ் தூரத்தில், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவு என்று ஒன்று இருந்துகொண்டேதான் இருந்தது. ஓபி சீட்டுப் போட்டு உட்கார்ந்தால் டாக்டர் பார்ப்பார், மாத்திரை இலவசம். மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே தொடங்கியது, தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக்கூட குறிப்பிட்ட கிழமைகளில் மனநல டாக்டர் வருகிறார். இதெல்லாம் 2013இல் எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா வாசலில் நின்று சொன்ன பிறகுதான் தெரியும். "தூக்கத்துக்கு மாத்திரை வாங்கப் போறோம்" என்று தம்பியிடம் சொல்லிக் கூட்டிப்போனோம். டாக்டர் இருபது நிமிடம் பேசினார், அதில் முக்கால்வாசி நேரம் அவனிடம். மனச்சிதைவு, இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், அடுத்த மாதம் வரச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இவ்வளவுதானா... இவ்வளவுதானா" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இந்த நோய்க்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று அப்புறம் தெரிந்துகொண்டோம். கடந்துபோன அந்த மூன்று வருடத்தில் அவன் பாலிடெக்னிக் போயிற்று, கூட்டாளிகள் போனார்கள். எல்லாவற்றுக்கும் உங்கள் மேல் பழி போடவில்லை. எங்கள் அறியாமை இருக்கிறது, சொந்தக்காரர்களின் வாய் இருக்கிறது, சாமியாடிகள் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு தடவை கல்யாணம் பேசி நின்றது, "அந்த வீட்டுல பையன் ஒரு மாதிரியாமே" என்று யாரோ சொல்லி. அந்த 'ஒரு மாதிரி'யை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இவர்கள் எல்லோருடைய பேச்சையும்விடத் தூரம் போவது உங்கள் பேச்சு. கோடாங்கி சொன்னது எங்கள் ஊரோடு சரி. நீங்கள் எழுதிய ஒரு வரி ஆண்டிபட்டியிலும் கேட்கும், அண்ணாநகரிலும் கேட்கும், முப்பது வருடம் கழித்து மீம்ஸாகவும் வரும்.

சரி, கீழ்ப்பாக்கத்தைப் பற்றி. 1794இல் வாலண்டைன் கொனொலி என்ற ஒரு வெள்ளைக்கார டாக்டர் மெட்ராஸில் தொடங்கிய சின்னக் காப்பகம் அது. 1871இல் இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் பல வருடம் தலைமை ஏற்று நடத்திய ஆஸ்பத்திரி. அவர்தான் ஓய்வுபெற்ற பிறகு 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காகவே ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார், பத்மபூஷண் வாங்கினார். இருநூறு வருடத்துக்கு மேலாக ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு இடத்தின் பெயர் நம் வாயில் வசவாகிக் கிடக்கிறது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் "வீடு எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் மட்டும்தான் இப்படி என்றில்லை. மலையாளத்தில் ஊளம்பாறையும் குதிரவட்டமும், இலங்கையில் அங்கொடை, வடக்கே ராஞ்சி, ஆக்ரா. எங்கே மனநல ஆஸ்பத்திரி கட்டினார்களோ அந்த ஊரின் பெயரே வசவாகிவிட்டது. வேறு எந்த நோய்க்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் நம் படங்களில் ரத்தப் புற்றுநோய் வராத கதாநாயகியே கிடையாது. கர்ச்சீப்பில் ரத்தம் பார்த்ததும் தியேட்டர் அழும். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. அந்த நோய்க்கு அழச் சொல்லித் தந்த அதே சினிமா, இந்த நோயைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லித் தந்தது, இல்லையென்றால் பயப்படச் சொல்லித் தந்தது.

பயம் என்றதும் அந்த சைக்கோ கொலைகாரப் படங்கள் ஞாபகம் வருகின்றன. அதைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மனநோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம். எங்கள் தம்பியைத் தெருப்பையன்கள் கல்லால் அடித்திருக்கிறார்கள், அவன் ஒருவரையும் தொட்டதில்லை.

இப்போது அந்த நடைக்கு வருகிறேன். கழுத்துச் சாய்வு, வாயோர எச்சில், கை நடுக்கம், காலைத் தரையில் தேய்த்து நடப்பது, முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் வெறித்துப் பார்ப்பது. 'பைத்தியக்காரன்' என்றால் நம் நடிகர்கள் செய்வது இதைத்தான். இதில் பெரும்பாலானது நோய் இல்லை தெரியுமா? மருந்தின் பக்கவிளைவு. ஹாலோபெரிடால் மாதிரி பழைய மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுக்கும். அப்படித் தடுத்தால்தான் குரல்கள் அடங்கும், ஆனால் அதே தடுப்பால் சிலருக்கு உடம்பு விறைக்கும், நடுங்கும், எச்சில் ஊறும். என் தம்பிக்கு முதல் இரண்டு மாதம் அப்படி இருந்தது. டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டும். டாக்டர் இன்னொரு சின்ன மாத்திரை சேர்த்து, அப்புறம் மருந்தையும் மாற்றிச் சரிசெய்தார். நோய் முற்றியிருந்தபோது அவன் நடை நேராகத்தான் இருந்தது. நடை தளர்ந்தது வைத்தியத்துக்கு வந்த பிறகுதான்.

ஆகையால் நீங்கள் சிரிக்கவைப்பது யாரைப் பார்த்து என்றால், குரல்களோடு போராடி, பிடிக்காத மாத்திரையை டாக்டர் சொன்னபடி தவறாமல் விழுங்கி, அதன் கஷ்டத்தையும் தாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வருகிற ஒருவரைப் பார்த்து. இந்தக் கேலிக்குக் கூசியே எத்தனையோ பேர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். "போட்டா பைத்தியக்காரன் மாதிரி இருக்கேன்க்கா" என்று என் தம்பி சொன்னான். பைத்தியக்காரன் எப்படி இருப்பான் என்று அவனுக்கு யார் காட்டியது?

2016இல் நாங்களே மாத்திரையை நிறுத்தினோம். நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு வீணாக என்று. நாலு மாதத்தில் திரும்ப வந்தது, இந்தத் தடவை வேறு மாதிரி. பேச்சு நின்றது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே இருக்கும். சாப்பாடு இறங்கவில்லை, மூக்குவழியாகக் குழாய் வைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். டாக்டர் மின்அதிர்வு சிகிச்சை கொடுக்கலாம் என்றார், அதுதான் சீக்கிரம் கேட்கும் என்றார். அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். அவர் கண்ணில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், என் கண்ணிலும் அதுதான் ஓடியது. கட்டிலில் கட்டிவைத்து, வாயில் துணி திணித்து, வில்லன் சுவிட்சைப் போட, கதாநாயகன் துடிக்க, தலைமுடி நட்டுக்க நிற்கும் அந்தக் காட்சி. ஒன்பது நாள் அவனைக் குழாயோடு வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

பத்தாம் நாள் ஒரு வயசான நர்ஸ் வந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மயக்க மருந்து கொடுப்பார்கள், தசை தளரும் ஊசி போடுவார்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது, சில நிமிட வேலை, அப்புறம் கொஞ்ச நேரம் தூங்கி எழுவான், சில நாள் ஞாபகம் கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்றார். அப்படியேதான் நடந்தது. நாலாவது தடவைக்கு அப்புறம் என் தம்பி கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்கு, ரெண்டு இட்லி வாங்கிட்டு வாங்க" என்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. நான் நாலு வாங்கி வந்தேன், நாலையும் சாப்பிட்டான்.

2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018இல் நடைமுறைக்கு வந்தது, அதன் 95ஆவது பிரிவு மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை செய்யவே கூடாது என்று தடை போட்டிருக்கிறது. அதாவது உங்கள் காட்சியில் வருவது இன்றைக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் ஜனங்கள் அறிந்திருப்பது உங்கள் காட்சியை மட்டும்தான்.

அதே பிரிவில்தான் இன்னொன்றும் இருக்கிறது. மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. இப்படி ஒரு வரியை எதற்காகச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டது யார்? எங்களைப் போன்ற குடும்பங்கள்தான். என் அப்பா மாதிரி ஒரு அப்பா, என் அம்மா மாதிரி ஒரு அம்மா. ஆஸ்பத்திரி என்றால் மானம் போகும், தர்காவுக்கோ கோயிலுக்கோ என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தவர்கள். நாங்களும் ஏர்வாடி போகலாமா, குணசீலம் கோயிலுக்குப் போகலாமா என்று பேசியவர்கள்தான். நம்பிக்கையை நான் குறைசொல்லவில்லை, அம்மா இன்றும் வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறாள், அவளுக்கு அது தேவை. ஏர்வாடியிலேயே இப்போது துவா என்ற பிரார்த்தனையும் நடக்கிறது, மனநல டாக்டர் எழுதித்தரும் மருந்தும் கிடைக்கிறது, இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. வேதனை என்னவென்றால், 28 பேர் கருகிய அந்த ஊரின் பெயரையும் பிற்பாடு கேலிக்கு எடுத்துக்கொண்டோம். "உன்னை ஏர்வாடிக்குத்தான்டா அனுப்பணும்" என்ற வசனத்தை எழுதும்போது எழுதுகிறவருக்கு அந்தக் காலைப்பொழுது ஞாபகம் வந்திருந்தால் எழுதியிருக்கமாட்டார் என்றுதான் நம்புகிறேன்.

வார்த்தையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். நான் வார்த்தை அடித்தே சாப்பிடுகிறவள், எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானில் மனச்சிதைவுக்கு 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை டாக்டர்களே நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்து பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், 2002இல் அங்கே இருக்கும் மனநல மருத்துவர் சங்கம் மாற்றியது. மனம் ஒருங்கிணைவதில் உள்ள கோளாறு என்பது மாதிரி ஒரு பெயர். அதற்கு அப்புறம் உனக்கு இந்த நோய் என்று நோயாளியிடமே சொல்லும் வழக்கம் நன்றாகக் கூடியது. சில வருடம் கழித்துக் கொரியாக்காரர்களும் மாற்றினார்கள். அவர்கள் வைத்த பெயரில் இருப்பது இசைக்கருவியின் நரம்பைச் சுருதி சேர்ப்பது என்ற பொருள். இதை முதலில் கேட்டபோது நான் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றுமே அடிக்கவில்லை. சுருதி கலைந்திருக்கிறது, சேர்த்துவிடலாம். இதைச் சொல்ல யாழும் வீணையும் வைத்திருந்த நமக்கு முடியாதா? நம்மிடம் இருப்பது மனச்சிதைவு. சிதைவு என்றால் சிதைந்துபோனது, இடிந்துபோனது. என் தம்பி ஒன்றும் இடிந்துபோகவில்லை.

'லூசு' என்ற சொல்லை எழுதாதீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். எங்கள் வீட்டில் அது செல்லப் பேச்சு, அம்மா என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான். கடவுளையே பித்தன் என்று கூப்பிட்ட பாஷை நம்முடையது, அதில் அன்பு உண்டு, உரிமை உண்டு. நான் கேட்பது வேறு. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பெயரை விட்டுவிடுங்கள். அந்த நடுக்க நடையை விட்டுவிடுங்கள். கரண்ட் காட்சி எழுதத் தோன்றினால் ஒரு மனநல டாக்டரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுதுங்கள். ஒரு பாத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கேயே அடைத்துப்போட்டதாகக் காட்டாமல், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியதாகக் காட்டுங்கள், ஏனென்றால் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

இதைச் சட்டம் காட்டி மிரட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தெரிந்திருப்பது நல்லது. மனநோயும் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சினிமாவில் மாற்றுத்திறனாளிகளை எப்படிக் காட்டுவது என்று ஒரு தீர்ப்பில் விரிவாகப் பேசியது. மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையைப் புரியவைக்கிற நகைச்சுவை ஒன்று, அவரைச் சிறுமைப்படுத்துகிற நகைச்சுவை இன்னொன்று, இரண்டையும் குழப்பக் கூடாது என்றது. நீதிமன்றம் நகைச்சுவையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உண்மையில் அங்கே எவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மாதா மாதம் நாங்கள் போகும் ஓபி வராந்தாவில், ஒரு பெரியவர் என் தம்பியிடம் "தம்பிக்கு எத்தனை மாத்திரை?" என்று கேட்டார். "மூணுய்யா" என்றான். "எனக்கு அஞ்சு. அப்ப நான் சீனியர், நீ தள்ளி உக்காரு" என்று அவர் பெஞ்சில் இடம் பிடித்தார். வரிசையே சிரித்தது, என் தம்பியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அன்று அங்கே அவன் மாத்திரையை ஒளிக்கவில்லை, பையைத் திறந்து எண்ணிக் காட்டினான். அந்தப் பெரியவருக்கு நகைச்சுவை எழுதத் தெரியாது, ஆனால் எங்கே நின்றுகொண்டு சிரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இன்று என் தம்பிக்கு 34 வயது. பைண்டிங் செக்‌ஷனில் வேலை, டைரிக்கு அட்டை ஒட்டுகிறான். சீசனில் ராத்திரி ஷிப்ட் மட்டும் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறோம், தூக்கம் கெட்டால் அவனுக்கு ஆகாது. காரணம் என்னவென்று முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை இருக்குமா என்று தெரியாது. சர்க்கரை இருக்கிறவர் "எனக்கு சுகர், நேரத்துக்குச் சாப்பிடணும்" என்று சொல்கிற மாதிரி, "எனக்கு மாத்திரை இருக்கு, நேரத்துக்குத் தூங்கணும்" என்று ஒரு மனுசன் சாதாரணமாகச் சொல்லி, எதிரில் இருப்பவர் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிற ஒரு காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பத்து விநாடிக் காட்சிதான். கதாநாயகனின் அண்ணனாக இருக்கட்டும், டீக்கடைக்காரராக இருக்கட்டும், அந்த மாத்திரை கதைக்கு எதுவும் செய்ய வேண்டாம். அவர் கொலையும் செய்ய வேண்டாம், தியாகமும் செய்ய வேண்டாம். மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து சண்டையைத் தொடரட்டும். அப்படி ஒருவர் திரையில் வந்தால் அந்த நீல டப்பா டிவி ஸ்டாண்டுக்குத் திரும்ப வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்றது. சிகிச்சை கிடைக்காமல் இருப்பவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை. உங்கள் கணக்கில் சொல்வதென்றால், 400 பேர் உட்கார்ந்திருக்கிற தியேட்டரில் சுமார் 40 பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை. உங்கள் வசனத்துக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, மாத்திரையை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கிறவர்களும், டாக்டரிடம் போகவே வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களும் அந்த 40 பேரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 14416 என்ற ஒரு இலவச எண் இருக்கிறது, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். நாங்கள் தவித்த 2010இல் அது கிடையாது. இன்று இருக்கிறது, ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் ஒரு பாத்திரம் ஒரே ஒரு தடவை அந்த நம்பரைச் சொன்னால் ஊரே மனப்பாடம் செய்துவிடும், உங்கள் வசனத்தின் பலம் அப்படி. அதை என் அப்பா மூலமாக நான் கண்ணால் பார்த்தவள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், உரிமையோடு. அடுத்த கதைக்கு உட்காருவதற்கு முன்னால், உங்கள் ஊர் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநல ஓபிக்கு ஒரே ஒரு காலை வந்து பாருங்கள். யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம், போட்டோ வேண்டாம், சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்தால் போதும். எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், அப்புறம் வந்தால் பெஞ்சில் இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
தம்பியிடம் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகு அனுப்புகிற ஒரு அக்கா.